அளக்காமல் விட்ட திட்டு

இறக்கக்கண்டியை விட்டு நடக்கத் தொடங்கியபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. இரண்டு உள்ளங்கைகளிலும் கயிறு அறுத்த கோடுகள் எரிந்தன. மூன்று நாள் கரைவலை இழுத்திருந்தேன். மூன்றாம் நாள் வலையில் வந்தது பெரும்பாலும் சொறி என்கிற ஜெல்லி மீனும் இரண்டு கூடைச் சூடை மீனும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கடலைப் பார்த்துக்கொண்டே, "தம்பி, இனி ஆள் காணும்" என்றார். காணும் என்றால் இங்கே போதும் என்று பொருள். அதை எனக்கு விளக்கிச் சொன்னவனையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். தார்ச்சாலை வரை இருவரும் ஒன்றாக நடந்தோம். அவன் வடக்கே போனான், நான் தெற்கே.

நிலாவெளிக்கு வரும்போது பசி கண்ணை இருட்டியது. ஹோட்டல் வாசல்களில் காவலாளிகள் நிற்கிறார்கள். உள்ளே வெள்ளைக்காரர்கள் வெயிலில் கிடப்பது சுவருக்கு மேல் தெரியாது, சிரிப்பு மட்டும் கேட்கும். ஒரு சின்னக் கடையில் அரை றாத்தல் பாணும் தேங்காய்ச் சம்பலும் வாங்கித் தின்றேன். எங்கள் ஊரில் இந்த ரொட்டியைக் காய்ச்சல்காரனுக்குத்தான் வாங்கிப்போவார்கள். இங்கே கல்லுடைப்பவனும் இதைத் தின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். சம்பலில் உறைப்பு அதிகம். கையில் வெடித்திருந்த இடங்களில் பட்டு இன்னொரு தடவை எரிந்தது.

தின்றுகொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சிவலிங்கம்.

"பாத்தியா?"

"இல்ல மச்சான். நாளன்னைக்குப் போறேன்."

"ஒரு கிழமையா இதையே சொல்லுறாய். கடல் குளிக்கவோ போனனீ?"

"வலை இழுத்தேன்."

"உனக்கு வலை இழுக்கத் தெரியுமோ?"

"தெரியாதுன்னு கண்டுபுடிச்சிட்டாங்க."

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வாற புதன் எங்களுக்குப் பயணம்" என்றான். "முன்னுக்கு றோட்டு, பின்னுக்கு ஆறு எண்டு மலருக்குச் சொல்லி வச்சிருக்கிறன். காணி இருக்கோ, ஆரும் குடியிருக்கினமோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லு. முகாமில பதிவை வெட்டிப்போட்டினம் எண்டா பிறகு திரும்ப ஏலாது."

சிவலிங்கமும் நானும் கடலூர்ப் பக்கத்தில் ஒரே காளவாயில் பதினொரு வருடம் செங்கல் அறுத்தவர்கள். எதிரெதிரே குந்தி அமர்ந்து, ஒரே மண்குவியலிலிருந்து எடுத்து அறுப்போம். சாயங்காலம் நான் எங்கேயாவது போவேன், அவன் அகதி முகாமுக்குப் போவான். ஆறு மணிக்கு அங்கே கணக்கெடுப்பு. கல் வெடித்த நாளெல்லாம் அவன் ஒரே பேச்சைத்தான் பேசுவான். "இதெல்லாம் ஒரு களியா? எங்கட மூதூர்க் களியைப் பாத்தா நீ இதை மிதிக்கமாட்டாய்." கடைசிச் சண்டையின்போது அப்பாவோடு படகேறி வந்தவன். அப்பா முகாமிலேயே செத்துப்போனார். காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, மட்டும் பாலித்தீனில் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தான். இப்போது மனைவி மலரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திரும்புவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.

என்னிடம் வளைகுடா வேலைக்கென்று எடுத்து, வேலை வராமல் கிடந்த பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னது நான்தான். அந்தக் களியையும் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு வேறு என்ன தெரியும், மண் தெரியும். ஆனால் எனக்கு நேராக ஒரு இடத்துக்குப் போகத் தெரியாது. வந்து இறங்கி ஒரு வாரத்தைக் கரையில் தொலைத்துவிட்டேன்.

திருகோணமலை நகரத்தில் மான்கள் தெருவில் திரிகின்றன. கோயிலடியிலும் பஸ் நிலையத்திலும் ஆடுமாடு போல நின்று வாழைப்பழத்தோல் தின்கின்றன. ஒரு மானின் வாயில் ஷாப்பிங் பை பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பிடித்து இழுக்கவில்லை. நானும் இழுக்கவில்லை.

லிங்கநகரில் தேவராசா என்ற மேசன் வீட்டில் இரண்டு இரவு தங்கினேன். கரைவலையில் எனக்குப் பக்கத்தில் நின்றவனின் உறவினர். முன்னறையில் பாய் போட்டுத் தந்தார். இரவு புட்டும் பாரை மீன் குழம்பும். நான் களிமண் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"களியோ? அதைப் பாக்கவோ கடல் தாண்டி வந்தனீங்கள்?"

"ஓமப்பா, ஆளாளுக்கு ஒரு விசர்" என்றார் தேவராசா.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் துறைமுகப் பக்கம் கூட்டிப்போய் ஒரு பழைய பண்டகசாலைச் சுவரைக் காட்டினார். கூரை போய்விட்டது. காரை உதிர்ந்த இடத்தில் கற்கள் தெரிந்தன. எங்கள் கல்லைவிட அகலம், உயரம் குறைவு. உப்புக்காற்றில் இத்தனை காலம் நின்றும் மூலை மழுங்கவில்லை. ஒரு கல்லில் பெருவிரல் பதிந்திருந்தது. என் விரலை வைத்துப் பார்த்தேன், அந்தத் தடம் அதைவிடச் சின்னது. அறுத்தது பெண்ணாக இருக்கலாம்.

"வெள்ளைக்காரன்ட காலத்துக் கல்லு. மூதூர்ப் பக்கத்துக் களி, வள்ளத்தில குடாவைத் தாண்டி வந்ததெண்டு எங்கட ஐயா சொல்லுவார்" என்றார் தேவராசா. "மெய்யோ பொய்யோ தெரியாது. ஆனா இந்தச் சுவரில ஆணி இறங்காது. நான் அடிச்சுப் பாத்தனான்."

மூன்றாம் நாள் மூதூர் பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. ஏதோ பெல்ட் அறுந்துபோயிற்று. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர், நிழல் கிடையாது. எனக்கு முன்னால் தலையில் முக்காடிட்ட இரண்டு பெண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாலம் இல்லாத காலத்தில பாதையில போனம். பாதை ஒருநாளும் நடுவில நிக்கல்ல."

"நிக்கல்ல, தாண்டது."

பாதை என்றது தண்ணீரைக் கடக்கும் மிதவையை, தாண்டது என்றது அது மூழ்கியதை. இருவரும் சிரிக்கவில்லை. நடத்துநர் வந்து பத்து நிமிடம் என்றார். மூத்தவள், "உன்ட பத்து நிமிசத்தில நான் ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்துடுவன் தம்பி" என்றாள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நடந்தே பாலத்தைத் தாண்டி, கிண்ணியாவில் எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி, கடையிலேயே நின்று பாதியைத் தின்றேன். சட்டியைத் தட்டிப் பார்த்தேன். மெல்லிய சுவர், நல்ல சத்தம். கடைக்காரர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தயிர்ச் சட்டியைத் தட்டிப் பார்க்கிறவனை அவர் கண்டதில்லை போலும்.

மூதூரிலிருந்து ஆற்றுப் பக்கம் போக ஓட்டோ பிடித்தேன். சிவலிங்கம் சொன்ன ஊர்ப்பெயரைச் சொன்னதும் ஓட்டுநர், "குழியடிக்கா?" என்றார். அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. "அங்க கல்வாடி இருக்கு. அதுக்கங்கால எல்லாம் குழிதான். குளிக்கக் கிளிக்க இறங்கிடாதீங்க. முதலை கிடக்கு. போன மாரி உடுப்புத் தோய்க்கப் போன பொம்பிள ஒண்டு வரல்ல. முதலையும் இல்ல, கரை சரிஞ்சது. களி பிடிச்சா விடாது."

அவர் விட்டுச்சென்ற இடத்தில் செங்கல் சூளை ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அதை வாடி என்கிறார்கள். கிடுகுக் கொட்டகை, விறகு, அறுத்து வெயிலில் பரப்பிய பச்சைக் கற்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். புரட்டாசி முடிகிறது, மழைக்கு முன் கடைசிச் சூளை. ஆட்களில் பாதிப் பேர் கல் அறுக்கவில்லை. ஓரத்தில் களியை வெட்டிக்கொண்டுவந்து வீட்டுயரத்துக்குக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் முழங்கால் வரை சேலையைச் சொருகிக்கொண்டு களி மிதித்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து ஒரு உருண்டை எடுத்து விரலில் நசுக்கினேன். சிவலிங்கம் பொய் சொல்லவில்லை. மணல் ஒரு பருக்கைகூட நெருடவில்லை. நீலம் கலந்த சாம்பல் நிறம். நாக்கில் வைத்தால் ஒட்டியது.

"என்ன, தின்னவோ வந்தனீங்க?" என்றாள் அவள்.

"பாக்க வந்தேங்க."

"பாக்க வாற ஆக்கள் நிலாவெளிக்கெல்லோ போவாங்க. இவருக்குக் குழி பாக்கணுமாம்" என்று கொட்டகைப் பக்கம் சத்தம் போட்டாள். அங்கே நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நானும் காளவாயில் வேலை செய்தவன் என்று சொல்லி, அறுப்புப் பெட்டியை வாங்கி இரண்டு கல் அறுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. அவளே குழிகளைக் காட்டிப் பெயர் சொன்னாள். ஆற்றங்கரை வரை அடுத்தடுத்து இருபது குழியாவது இருக்கும். பழைய குழிகளில் பன்புல்லும் நாணலும் மண்டிக்கிடந்தன. புதியவற்றில் கரை செங்குத்தாக நின்றது. மேலே ஒரு முழம் கறுப்பு மண், கீழே மஞ்சள், அதற்கும் கீழே இந்த நீலக்களி. தோண்டியவர் பெயரே குழிக்குப் பெயர். பெயருக்கு உரியவர்களில் உயிரோடு இருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். துறைமுகத்துச் சுவருக்குப் போன களி எந்தக் குழி என்று கேட்டேன். நாணல் மண்டிய பக்கத்தைக் கையால் பொதுவாகக் காட்டினாள். அங்கே இரண்டு எருமைகள் கழுத்தளவு நீரில் நின்றன.

"சின்னத்தம்பி காணி எது?" என்று கேட்டேன். அது சிவலிங்கத்தின் அப்பா பெயர்.

மிதிப்பதை நிறுத்தினாள். "அவங்க ஆக்கள் வாறாங்களோ?"

"அடுத்த வாரம்."

அவள் கொட்டகையைப் பார்த்தாள். "சுலைமான் காக்காட்ட கேளுங்க. அவர்தான் பக்கத்துக் காணி" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

சுலைமான் காக்காவுக்கு அறுபது வயது இருக்கும். வாடியும் அவருடையதுதான், ஆனால் முதலாளி போல இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சூளை வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். காக்கா என்றால் அண்ணன். நான் முதலில் எங்கள் ஊர்ப் பழக்கத்தில் பாய் என்று கூப்பிட்டேன், அவர் திரும்பவே இல்லை. சிவலிங்கத்தின் பெயரைச் சொன்னதும் திரும்பினார். கையைக் கழுவினார். என்னைக் கதிரையில் உட்காரவைத்து, சோறு வரச்சொல்லி, நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். திருக்கைக் கறி. அவர் தின்னவில்லை.

"வாங்க, காட்டுறன்" என்றார்.

இரண்டு குழிகளுக்கு நடுவே கரைவழியாகப் போனோம். முன்னால் ஒரு பெரிய குழி விரிந்தது. தார்ச்சாலையின் ஓரத்தில் தொடங்கி ஆற்றுக்கரை வரை போயிற்று. அடியில் பச்சைத் தண்ணீர்.

"இதுதான்" என்றார்.

"எது, இந்தக் குழிக்கு அந்தப் பக்கமா?"

"இல்ல தம்பி. குழிதான்."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னுக்கு ரோடு இருந்தது. பின்னுக்கு ஆறும் இருந்தது.

குழியின் மறுகரையை ஒட்டி, தண்ணீருக்குள்ளிருந்து மண்தூண் ஒன்று எழுந்து நின்றது. உச்சியில் புல். மண் வேலை செய்தவனுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. குழி வெட்டும்போது நடுவில் ஒரு துண்டை வெட்டாமல் விடுவார்கள். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று அளந்து காட்ட அதுதான் ஆதாரம். எங்கள் பக்கத்தில் சாட்சி என்போம், இங்கே திட்டு. களி வாங்குகிறவர் வந்து கயிறு வைத்து அளந்தபிறகு அதையும் வெட்டி எடுத்துவிடுவார்கள். அளக்காத திட்டை யாரும் தொடமாட்டார்கள். அளக்கும்வரை அது வெட்டினவனின் உழைப்பு.

"அது சின்னத்தம்பி அண்ணன் விட்ட திட்டு" என்றார் சுலைமான் காக்கா. "அது எனக்கு இப்பதான் தெரியும். போன வருசம்தான் தெரியும்."

பிறகு உட்கார்ந்துகொண்டு சொன்னார். நானும் உட்கார்ந்தேன்.

"நான் வள்ளம் ஓட்டின ஆள் தம்பி. களி வேலை வாப்பாட. அவரும் சின்னத்தம்பி அண்ணனும் பக்கத்துப் பக்கத்துக் காணியில வெட்டினவங்க. ரெண்டு காணியும் நெஞ்சளவு இறங்கிட்டு. சண்டை வந்து ஊரே வெளிக்கிட்டம். வாப்பா முகாமில மவுத்தாப் போனார். போறதுக்கு முதல் சொன்னார், எல்லையில ஒரு திட்டு இருக்கு மகன், அதுக்கு இங்கால நம்மட, அங்கால சின்னத்தம்பிட எண்டு. அவர் சொன்னது எல்லை மேடு. மண் போட்டுக் கட்டினது. நான் திரும்பி வந்து பாத்தா வேலி எரிஞ்சு போச்சு. வெள்ளம் வரம்பையெல்லாம் கொண்டு போய்ட்டு. ரெண்டு காணியும் ஒரே வெளி. அதுல ஒரே ஒரு திட்டு நிண்டது."

"இது."

"ஓம். களி வெட்டின ஆளா இருந்தா பாத்த உடனே விளங்கியிருக்கும், இது அளவுத் திட்டு, எல்லை இல்ல எண்டு. எனக்கு விளங்கல்ல. இதுக்கு இங்கால எல்லாம் நம்மட எண்டு வெட்டினன். அவங்கட வீடு நிண்ட இடத்தையும் வெட்டிட்டன். மண் வீடு. எரிஞ்சாப் பிறகு மழை கரைச்சிட்டு, தடம் இல்ல."

"அவனோட காணின்னு எதை நெனச்சீங்க?"

திட்டுக்கு அப்பால் கையைக் காட்டினார். வேலியிட்ட நிலம் ஒன்று வெட்டுப்படாமல் கிடந்தது. புல் செதுக்கியிருந்தது. இரண்டு தென்னங்கன்றுகள் ஆளுயரம் வளர்ந்து நின்றன.

"அதைத்தான். ஒவ்வொரு வருசமும் துப்புரவாக்கினன். களிக்குக் கேட்டு வந்த ஆக்களை அடிக்காத குறையாத் துரத்தினன். அது சிவலிங்கத்தாட காணி, அவன் ஒருநாள் வருவான், ஒரு மண்வெட்டி அதுல விழக்கூடாது எண்டு சொன்னன். தென்னம்பிள்ளையும் வச்சன். போன வருசம் வாடிப் பெர்மிட்டுக்குக் காணி அளக்கிற சேவையர் வந்து சங்கிலி போட்டுப் பாத்தார். அது வேற ஆரோ கொழும்பில இருக்கிற ஒராளிட காணியாம். இவன்ட காணியில மிச்சம் அந்தத் திட்டும், திட்டுக்கும் வேலிக்கும் நடுவில கட்டில் அகலத்துக்கு ஒரு துண்டும்."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பிழையென்று தெரிந்து ஒரு வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். விலாசம் தெரியாது என்றார். பிறகு, "விலாசம் தேடவும் இல்ல" என்றார். "என்ட காணியும் இதே குழிக்குள்ளதான் தம்பி. மாத்திக் குடுக்கவும் எனக்கிட்ட நிலம் இல்ல."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு என் கையில் இன்னும் ஒட்டியிருந்த களியைப் பார்த்தேன். பதினொரு வருடம் நான் அறுத்த கல்லெல்லாம் யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"இப்ப போன் போடணும்" என்றேன்.

"ஓம். சொல்லத்தானே வேணும்."

சிக்னல் சூளை மேட்டில்தான் கிடைத்தது. புகை கண்ணை அடித்தது. போனை எடுத்தது மலர். பின்னால் பாத்திரங்களைப் பெட்டியில் அடைக்கும் சத்தம் கேட்டது. முகாமில் பிறந்து வளர்ந்தவள், இந்த மண்ணை அவள் மிதித்ததே இல்லை.

"அண்ணே, எடத்த பாத்துட்டீங்களா? இவரு தெருவுக்குப் போயிருக்காரு. அங்க தண்ணி எப்படி? உப்புத் தண்ணியா?"

"நல்ல தண்ணிதாம்மா."

"பக்கத்துலயே இருக்கா? இங்க மாதிரி கொடத்த தூக்கிட்டு அலையணுமா?"

"பக்கத்துலயே இருக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவன் வந்ததும் பேசச்சொல்லு என்று வைத்துவிட்டேன். சுலைமான் காக்கா இரண்டு அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் சிவலிங்கம் அழைத்தான். எல்லாவற்றையும் சொன்னேன். குழியை, திட்டை, வேலிக்கு அந்தப் பக்கத்துத் தென்னங்கன்றுகளை. மாற்றிச் சொல்லவோ மெதுவாகச் சொல்லவோ எனக்குத் தெரியாது. லைன் அறுந்துவிட்டதோ என்று நான்தான் இரண்டு முறை கேட்டேன்.

"வராத மச்சான்" என்றேன் கடைசியில். "நிப்பாட்டு."

"நேற்று வெட்டிப்போட்டினம்" என்றான்.

"எதை?"

"பதிவை. நேற்றுப் பின்னேரம் கையெழுத்து வச்சனான். ஞாயிறுக்குள்ள வீட்டை விடவேணும். வேற ஆக்களுக்குக் குடுத்தாச்சு."

கீழே அந்தப் பெண் களி மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"காக்கா பக்கத்தில நிக்கிறாரோ? அவரிட்டக் குடு."

ஸ்பீக்கரில் போட்டேன். சுலைமான் காக்கா போனை வாங்காமல், அதன் மேல் குனிந்து நின்றார்.

"தம்பி சிவலிங்கம். என்னை நீ என்ன சொன்னாலும்…"

"சொல்ல ஒண்டும் இல்லக் காக்கா. ஒண்டு கேக்கிறன். மாரிக்கு முன்னம் களி குவிக்கிற பழக்கம் இப்பவும் இருக்கோ?"

"இருக்கு. இப்ப அதுதான் நடக்குது."

"ஆர் குவிச்சதோ அவனுக்குத்தான் தை பிறக்கக் கல் அறுப்பு. அப்பா சொல்லுவார். குவியல் இல்லாதவனுக்கு வாடியில இடமில்ல எண்டு."

"ஓம். அது மாறல்ல."

"அப்ப எனக்கும் ஒரு குவியல் வேணும். நான் வந்து சேர முதல் மழை பிடிச்சிடும். இவன் என்ர பேரில குவிக்கட்டும்."

எனக்கு விளங்கச் சில நொடிகள் ஆயின. "எந்தக் களியடா?" என்றேன்.

"அந்தக் கட்டில் அகலத் துண்டு இருக்கெல்லோ. அதை வெட்டு. திட்டையும் வெட்டு."

"சிவலிங்கம், அது உன்ட வாப்பாட திட்டு" என்றார் சுலைமான் காக்கா. "அளக்காதது. தெரிஞ்ச பிறகு நான் அதுல கைவைக்கல்ல."

"இனி ஆர் வந்து அளக்கப் போகினம் காக்கா?"

காக்கா திட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"படுக்க வாடியில இடம் கிடைக்குமோ?" என்றான் சிவலிங்கம். "நாலு பேர்."

"பின்கொட்டகை இருக்கு. கிடுகு புதுசா வேய்ஞ்சு தாறன். மனுசிக்கு…"

"மலருக்கு நான் சொல்லுறன். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "டேய், அவளிட்டத் தண்ணி பக்கத்தில இருக்கெண்டு சொன்னியாமே" என்றான்.

"ஆமா."

"சந்தோசப்படுறாள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அன்று மாலை வாடியில் சம்பலும் பாணும். பின்கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் கிடையாது. எங்கள் ஊர் முகாமில் அவனுடைய அறை பத்துக்குப் பத்து, ஆனால் அதற்குக் கதவும் பூட்டும் இருந்தன. என்னுடைய விசா சுற்றுலா விசா, வேலை செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கரைவலையிலும் அதை யாரும் கேட்கவில்லை.

காலையில் மேகம் கட்டியிருந்தது. குழியின் மறுகரைக்குச் சுற்றிக்கொண்டு போனோம். கரையிலிருந்து திட்டுக்குப் பலகை போட்டார்கள். நான் மண்வெட்டியோடு ஏறப்போனபோது சுலைமான் காக்கா, "பொறுங்க" என்றார்.

இடுப்பிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்தார். அவருடைய வாப்பாவின் கயிறாம். பலகையில் போய்த் திட்டின் நான்கு பக்கத்தையும் அளந்தார். பிறகு குப்புறப் படுத்துக் கயிற்றைக் கீழே விட்டார். நெஞ்சளவில் திட்டில் ஒரு நிறமாற்றம் இருந்தது. அதுவரை சின்னத்தம்பி வெட்டியது. அதற்குக் கீழே இவர் வெட்டியது. கயிற்றை நிறமாற்றத்திலேயே நிறுத்தினார். அகலம், நீளம், ஆழம் மூன்றையும் சத்தமாகச் சொன்னார். களி மிதித்த பெண்ணும் இன்னும் மூன்று பேரும் கரையில் நின்றார்கள். அந்த அளவை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. மறுபடியும் ஒருமுறை சொல்லிவிட்டு எழுந்தார்.

"அளந்தாச்சு" என்றார். "இனி வெட்டலாம்."

பலகையைத் தாண்டித் திட்டின் மேல் ஏறினேன். ஒருவன் நிற்க இடம் இருந்தது, இரண்டு பேர் நிற்க முடியாது. புல்லைச் செதுக்கித் தண்ணீரில் தள்ளிவிட்டு, என் காலுக்குக் கீழேயே வெட்டத் தொடங்கினேன்.